ஏஜென்டா, விநியோகஸ்தரா? வெளிநாட்டில் விற்க யாரைப் பிடிப்பது

வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. "உங்கள் பம்புகளை எங்கள் நாட்டில் விற்றுத் தருகிறோம், எங்களை சோல் ஏஜென்டாக நியமியுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே இன்னொரு வரி: "முதல் ஆர்டராக ஒரு கன்டெய்னர் எடுத்துக்கொள்கிறோம்." ஏற்றுமதிக்குப் புதியவர் இதைப் படித்ததும் சந்தோஷப்படுவார். எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கும் முரண்பாடுதான். ஏஜென்ட் எதற்காகக் கன்டெய்னரை வாங்க வேண்டும்? கன்டெய்னரை விலைக்கு வாங்குகிறவர் எப்படி ஏஜென்ட் ஆவார்?

எழுதியவர் ஏமாற்ற நினைக்கவில்லை. வியாபாரப் பேச்சில் 'ஏஜென்சி எடுத்திருக்கிறேன்' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லாகிவிட்டது. வாங்கி விற்கிறவரும் அப்படித்தான் சொல்கிறார், ஆர்டர் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவரும் அப்படித்தான் சொல்கிறார். விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, நான் கேட்பது ஒன்றுதான்: பொருளைப் பயன்படுத்தப்போகிற வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் யார் பெயரில் போகும்? உங்கள் பெயரில் போனால் நடுவில் நிற்பவர் ஏஜென்ட். அவர் பெயரில் போனால் அவர் விநியோகஸ்தர்.

ஏஜென்ட் ஒரு நாளும் சரக்குக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. வாடிக்கையாளரைத் தேடுகிறார், பேசுகிறார், ஆர்டரை உங்களுக்கு அனுப்புகிறார். சில ஒப்பந்தங்களில் உங்கள் சார்பாகக் கையெழுத்துப் போடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆனாலும் விற்பனை உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில்தான் நடக்கிறது. பணம் வந்ததும் அவருக்குக் கமிஷன் போகிறது. விநியோகஸ்தர் உங்களிடம் விலைக்கு வாங்குகிறார். அதன்பின் தன் பெயரில், தன் பணத்தில், தன் பொறுப்பில் இன்னொருவருக்கு விற்கிறார். சரக்கு விற்காமல் குடோனில் கிடந்தாலும் நஷ்டம் அவருடையது.

இதுவரை சொன்னது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். எது நமக்குப் பொருந்தும் என்று முடிவு எடுக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கமிஷன் எத்தனை சதவீதம், மார்ஜின் எத்தனை சதவீதம் என்று இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்து, குறைந்ததைப் பிடிக்கிறார்கள். நான் அந்தக் கணக்கை மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். விற்ற பிறகு உங்கள் பொருளுக்கு என்ன தேவைப்படும் என்பது முதல் கேள்வி. இந்த ஆளோடு பிரிய நேர்ந்தால் வாடிக்கையாளர்கள் யார் கையில் இருப்பார்கள், பிரிவதற்கு எவ்வளவு செலவாகும் என்பது இரண்டாவது. சரி, எல்லோரும் ஆரம்பிக்கும் இடத்திலிருந்தே நானும் ஆரம்பிக்கிறேன்.

அந்த 22 எங்கே போகிறது?

வாடிக்கையாளர் ஒரு பொருளுக்கு 100 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்டுக்கு 8 சதவீதம் கமிஷன் என்றால் உங்கள் கையில் 92. அதே பொருளை விநியோகஸ்தருக்கு 70-க்குக் கொடுக்கிறீர்கள் என்றால் கையில் 70. வித்தியாசம் 22. பார்த்ததும் ஏஜென்ட்தான் லாபம் என்று தோன்றும்.

இப்போது அந்த 22-ஐப் பிரித்துப் பாருங்கள். விநியோகஸ்தர் ஒரே கன்டெய்னராக எடுப்பதை, ஏஜென்ட் வழியில் 12 வாடிக்கையாளர்களுக்கு 12 பார்சலாக நீங்கள் அனுப்ப வேண்டும். 12 செட் ஆவணம், 12 முறை பேக்கிங், சில்லறைச் சரக்குக் கட்டணம். அவர்களில் பாதிப் பேர் 60 நாள் கடன் கேட்பார்கள், ஒருவர் 90 நாள் ஆகியும் பதில் போட மாட்டார். அந்த நாட்டில் அவரைத் துரத்த உங்களுக்கு ஆள் இல்லை. வாரண்டிக்கு ஒரு ஆள், உதிரி பாகத்துக்கு ஒரு அலமாரி, உள்ளூர் மொழியில் அச்சடித்த கையேடு என்று எல்லாச் செலவும் அந்த 22-க்குள்தான் அடங்க வேண்டும். பல பொருள்களுக்கு அது போதாது.

சில பொருள்களுக்குத் தாராளமாகப் போதும். வாடிக்கையாளர் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லும் பெரிய இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் வாங்கி குடோனில் வைக்கப் போவதில்லை. ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில், நேராக அந்த ஆலைக்குத்தான் போகும். வாங்குகிறவர் எல்.சி. திறக்கிறார், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அவருடைய வங்கி கடிதம் கொடுக்கிறது; வங்கி பணம் தருகிறது. நிறுவிக் கொடுக்க உங்கள் பொறியாளர்தான் போகப்போகிறார். இங்கே விநியோகஸ்தருக்குச் செய்ய வேலையே இல்லை. அவருக்கு 30 கொடுப்பது வீண். அந்த 22 உண்மையாகவே உங்களுடையது.

கடன் ஆபத்தும் இரண்டு வழியிலும் வேறு வேறு உருவம் எடுக்கும். ஏஜென்ட் வழியில் முகம் தெரியாத பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் நிற்கும். விநியோகஸ்தர் வழியில் ஒரே ஆளிடம் மொத்தமாக நிற்கும். அவரை விசாரிப்பது எளிது. அவர் கவிழ்ந்தால் அடியும் பெரியது. டெல் கிரெடரே என்று ஒரு பழைய ஏற்பாடும் உண்டு: வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் நான் பொறுப்பு என்று ஏஜென்டே உத்தரவாதம் கொடுப்பது, அதற்காகக் கூடுதல் கமிஷன் வாங்குவது. வாடிக்கையாளர்களை நேரில் அறிந்த ஏஜென்டிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். தான் கொண்டுவரும் ஆர்டர்கள் மேல் அவருக்கே எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதும் அவர் பதிலில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஏஜென்டின் பையில் உங்கள் கேட்லாக்கோடு வேறு பதினைந்து கம்பெனிகளின் கேட்லாக்கும் இருக்கலாம். உங்களுடையது அடியில் கிடந்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. விநியோகஸ்தர் உங்கள் சரக்கில் பணத்தை முடக்கியிருக்கிறார், அதை விற்றே ஆக வேண்டும். புதிய பிராண்டை ஒரு சந்தையில் நுழைக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

விலையைப் பற்றி

ஏஜென்ட் வழியில் விலை உங்களுடையது. விற்பவர் நீங்கள்தானே. விநியோகஸ்தரிடம் சரக்கு கைமாறியதும் விலையும் கைமாறிவிடுகிறது. நீங்கள் ஒரு விலையைப் பரிந்துரைக்கலாம். "இதற்குக் குறைத்து விற்காதே" என்று கட்டாயப்படுத்தினால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது போட்டிச் சட்ட மீறல். 2022-இல் வந்த 2022/720 எண்ணுள்ள விதிமுறையும் இதைக் கடும் மீறல்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2007-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பின் கூட்டாட்சிச் சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது: எடுத்த எடுப்பில் சட்டவிரோதம் என்று சொல்லாமல் ஒவ்வொரு வழக்கிலும் விளைவைப் பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் உண்மையான ஏஜென்டுக்கு மட்டும் இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. 'உண்மையான' என்ற சொல்தான் இங்கே முக்கியம். பெயருக்கு ஏஜென்ட் என்று எழுதிவிட்டு ஸ்டாக் நஷ்டத்தையும் வராத கடனையும் அவர் தலையில் கட்டினால் விலக்கு போய்விடும். ஆபத்து யாருடையது என்றுதான் அதிகாரிகள் பார்ப்பார்கள்.

எல்லையைப் பூட்டுவதும் நினைத்த அளவுக்கு நடக்காது. ஜெர்மனியின் கிரண்டிக் நிறுவனம் பிரான்ஸில் கோன்ஸ்டன் என்ற நிறுவனத்துக்கு ஏகபோக விநியோக உரிமை கொடுத்து, வேறு யாரும் உள்ளே கொண்டுவராதபடி தடுக்க கிண்ட் என்ற வர்த்தக முத்திரையையும் அதன் பெயரிலேயே பிரான்ஸில் பதிய விட்டது. இன்னொரு வியாபாரி ஜெர்மனியிலிருந்து அதே பொருளை வாங்கிவந்து பிரான்ஸில் குறைந்த விலைக்கு விற்றார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. சந்தையை முழுதாகச் சுவர் எழுப்பி அடைப்பது செல்லாது என்று 1966-இல் தீர்ப்பு வந்தது. இன்றும் ஐரோப்பாவில் ஏகபோக விநியோகஸ்தரின் பகுதிக்குள் மற்ற விநியோகஸ்தர்கள் வலியப் போய் வாடிக்கையாளரைத் தேடுவதைத் தடுக்கலாம். வாடிக்கையாளர் தாமாகத் தேடி வந்து கேட்டால் விற்காதே என்று தடுக்க முடியாது.

பம்பு பழுதானால் போன் யாருக்கு வரும்?

ஒரு காகித ஆலை. வெள்ளிக்கிழமை மாலை. உங்கள் பம்பின் தண்டு சுற்றும் இடத்தில் மெல்லிய சாரலாகத் தண்ணீர் கசிகிறது. மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. உள்ளங்கையில் அடங்கும் பொருள் அது: கண்ணாடிபோல் இழைத்த இரண்டு வளையங்கள், ஒன்று கார்பன், மற்றது பீங்கான், ஒரு ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். யாரோ பம்பைத் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கிறார்கள், சூட்டில் ஒரு வளையம் விரிசல் விட்டுவிட்டது. பம்பு நின்றால் அந்த வரிசை முழுக்க நிற்கும்.

நடுவில் இருப்பவர் ஏஜென்ட் என்றால் அவர் உங்களுக்குப் போன் செய்வார். உங்கள் ஸ்டோர் திங்கட்கிழமை திறக்கும். கூரியர், அப்புறம் அந்தப் பக்கத்துச் சுங்கம், சீல் போய்ச் சேர ஒரு வாரம். விநியோகஸ்தர் என்றால், அவர் ஒழுங்கானவராக இருந்தால், குடோனில் மூன்றாவது தட்டில் அதே அளவு சீல் பெட்டியோடு இருக்கும். ஒரு பையன் வண்டியில் எடுத்துப்போய் அன்று இரவே மாட்டிவிட்டு வருவான். ஆலைக்காரர் அடுத்த பம்பு வாங்கும்போது இந்த இரவைத்தான் நினைப்பார், விலைப் பட்டியலை அல்ல. சின்ன உதிரி பாகங்கள் அடிக்கடி தேவைப்படும் பொருளுக்கு விநியோகஸ்தரை நான் சிபாரிசு செய்வது இதனால்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை ஒரு தயாரிப்பு வரிசையில் பேரிங் குறையைக் கண்டுபிடித்தோம். போன பம்புகளை உடனே நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஏஜென்ட் வைத்து விற்ற நாட்டுக்கு அன்று மாலையே பட்டியல் தயார். எந்த சீரியல் நம்பர், எந்த ஆலை, யாருடைய தொலைபேசி எண் என்று எல்லாமே எங்கள் இன்வாய்ஸ் கோப்பில் இருந்தது. விநியோகஸ்தர் வைத்து விற்ற நாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கன்டெய்னர் நம்பர் மட்டும். அதில் போன பம்புகள் எந்த ஊரில், யார் தளத்தில் ஓடுகின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. விநியோகஸ்தரிடம் கேட்டோம். அவர் தயங்கினார். முகவரிகளைக் கொடுத்தால் நாங்கள் நேராகப் போய் விற்றுவிடுவோமோ என்று பயம். மூன்று வாரம் பேசித்தான் பட்டியல் வந்தது. அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாடிக்கையாளர்களை அலைந்து தேடியவர் அவர்தான்; அவருக்கு இருக்கும் சொத்தே அந்தப் பட்டியல்தான். அதனால்தான் இதைப் பிரச்சினை வந்த பிறகு பேசக் கூடாது, முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும் என்கிறேன். வாரண்டி பதிவு அட்டை தயாரிப்பாளருக்கு வர வேண்டும், சீரியல் நம்பர் வாரியாகப் பொருள் எங்கே இருக்கிறது என்ற விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், பாதுகாப்புக் குறை என்றால் ஒரே நாளில் வர வேண்டும். பதிலுக்கு, ஒப்பந்தம் இருக்கும் வரை அந்தப் பட்டியலை வைத்து நேராக விற்க மாட்டோம் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

பிரியும்போது

ஒப்பந்தம் போடும்போது பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்வதேச வணிகத்தில் அப்படி நினைத்தால் பெரும் தொகை கட்ட வேண்டிவரும்.

பொருள் விற்பனைக்கு நாடுகளுக்குப் பொதுவான சட்டம் ஒன்று இருக்கிறது: 1980-இல் வியன்னாவில் உருவான சர்வதேச விற்பனை உடன்படிக்கை. விநியோகஸ்தர் உங்களிடம் வாங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் அது பொருந்த வாய்ப்பு உண்டு. ஏஜென்சிக்கும் அப்படி ஒன்று கொண்டுவர 1983-இல் ஜெனிவாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அது நடைமுறைக்கு வரவே இல்லை. ஆகவே ஏஜென்ட் விஷயத்தில் அந்தந்த நாட்டுச் சட்டம்தான் பேசும், அது நீங்கள் எதிர்பார்க்காததைப் பேசும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1986-ஆம் ஆண்டின் 86/653 எண்ணுள்ள உத்தரவு, பொருள்களை விற்றுத் தரும் ஏஜென்டுகளுக்குப் பலமான பாதுகாப்பு கொடுக்கிறது. கால வரையறை இல்லாத ஒப்பந்தத்தை முடிக்க முதல் வருடத்தில் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ், இரண்டாம் வருடத்தில் இரண்டு மாதம், மூன்றாம் வருடம் முதல் மூன்று மாதம். அதோடு முடியவில்லை. ஏஜென்ட் புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து, அவர் போன பிறகும் நீங்கள் அந்தப் பலனை அனுபவிக்கிறீர்கள் என்றால் அவருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். அதன் உச்சவரம்பு, கடைசி ஐந்து வருடங்களின் சராசரியில் ஏஜென்டின் ஒரு வருட வருமானம். இதற்குப் பதிலாக நஷ்டஈடு என்ற இன்னொரு முறையைத் தேர்ந்தெடுக்கவும் நாடுகளுக்கு உரிமை உண்டு. பிரான்ஸ் அதைத்தான் எடுத்தது; அங்கே நீதிமன்றங்கள் வழக்கமாக இரண்டு வருடக் கமிஷனைக் கொடுக்கச் சொல்கின்றன. ஏஜென்ட் இறந்து ஒப்பந்தம் முடிந்தாலும் இந்த உரிமை உண்டு. அவர் பெரிய தவறு செய்ததால் உடனே விலக்கினீர்கள் என்றால்தான் தப்பலாம், அல்லது உங்கள் பக்கம் காரணமோ, அவருடைய வயது, நோய் போன்ற காரணமோ இல்லாமல் அவராக விலகிப் போனால்.

"எங்கள் நாட்டுச் சட்டம்தான் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறேன்" என்பார்கள். கலிபோர்னியாவில் இருந்த ஒரு நிறுவனம் அப்படித்தான் எழுதியிருந்தது. அதன் ஏஜென்ட் பிரிட்டனில் இருந்த இங்மார் என்ற நிறுவனம். பிரிந்தபோது இங்மார் வழக்குப் போட்டது. ஏஜென்ட் ஒன்றியத்துக்குள் வேலை செய்தவர் என்றால், ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தை எழுதினாலும் இந்தப் பாதுகாப்பைப் பறிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. அப்போது பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்தது.

விநியோகஸ்தருக்கு ஐரோப்பா முழுவதற்குமான இப்படியொரு சட்டம் இல்லை. நியாயமான நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்பதுதான் பொதுவான நிலை. அதனால் பிரிவது மலிவு என்று பலர் விநியோகஸ்தர் பக்கம் சாய்கிறார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் நாட்டைப் பார்த்துவிட்டுச் சாயுங்கள். பெல்ஜியத்தில் 1961 முதலே, கால வரையறை இல்லாத ஏகபோக விநியோக ஒப்பந்தத்தைத் திடீரென்று முறித்தால் போதுமான நோட்டீஸ் அல்லது இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவில் 1964-இன் 75-ஆம் எண் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் விநியோகஸ்தரை விலக்கவே விடாது.

நான் ஒளிந்திருக்கிறது என்று சொன்ன சிக்கல் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே வணிகச் சட்டத்தின் 89பி பிரிவு ஏஜென்டுக்கு ஈட்டுத்தொகை தருகிறது. விநியோகஸ்தரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஒரு விநியோகஸ்தர் உங்கள் விற்பனை அமைப்புக்குள் ஏஜென்ட் போலவே பிணைக்கப்பட்டு, வாடிக்கையாளர் விவரங்களை உங்களிடம் ஒப்படைக்கும் கடமையும் அவருக்கு இருந்தால், அந்தப் பிரிவை அவருக்கும் நீட்டிக்கலாம் என்பது ஜெர்மன் நீதிமன்றங்களின் நிலை. நியாயம் புரிகிறது: அவர் தேடிய வாடிக்கையாளர்கள் முழுதாக உங்கள் கைக்கு வந்துவிடுகிறார்களே. அப்படியென்றால் பேரிங் கதைக்குப் பிறகு நான் எழுதச் சொன்ன அதே நிபந்தனை, அங்கே உங்களுக்கு அவருடைய ஒரு வருட வருமானம் வரை செலவு வைக்கலாம். அதற்காகப் பட்டியலை வேண்டாம் என்று விடச் சொல்ல மாட்டேன். எதற்காகப் பட்டியல் என்பதைக் குறுக்கி எழுதலாம்: பாதுகாப்புக்கும் வாரண்டிக்கும் மட்டும், முடிந்தால் விவரங்களை ஒரு மூன்றாம் தரப்பிடம் வைக்கலாம். இந்த ஒரு பத்திக்காகவாவது அந்த நாட்டு வழக்கறிஞருக்குப் பணம் கொடுங்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் கதை வேறு. அங்கே வணிக முகமைச் சட்டம் கமிஷனுக்கு விற்பவரையும் லாபத்துக்கு வாங்கி விற்பவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கிறது. 1981-இன் பழைய சட்டப்படி பதிவு பெற்ற முகவரை விலக்குவது மிகக் கடினமாக இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பதுகூட அப்போது காரணமாகவில்லை. 2022-இன் புதிய சட்டம் இதைத் தளர்த்தியிருக்கிறது. எப்படியிருந்தாலும் அங்கே ஏஜென்டா விநியோகஸ்தரா என்பதைவிட, பதிவு செய்வதா வேண்டாமா என்பதுதான் பெரிய முடிவு.

பெயரும் பதிவும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் பிராண்டின் வர்த்தக முத்திரையை அந்த நாட்டில் உங்கள் பெயரில் பதிந்த பிறகுதான் யாரோடும் ஒப்பந்தம் போட வேண்டும். "நாங்களே பதிந்துவிடுகிறோம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்று விநியோகஸ்தர் உதவியாகத்தான் சொல்வார். பிரிந்த பிறகு உங்கள் சொந்தப் பெயரில் நீங்களே சரக்கு அனுப்ப முடியாத நிலை வரும். முகவரோ பிரதிநிதியோ அனுமதியில்லாமல் பதிந்தால் எதிர்க்கலாம் என்று பாரிஸ் உடன்படிக்கை உரிமை தருகிறது. அதை நிலைநாட்ட வழக்கு நடத்த வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

மருத்துவக் கருவி, மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றுக்கு இன்னொரு பூட்டு உண்டு. பல நாடுகளில் விற்பனை அனுமதி உள்ளூர் நிறுவனம் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும். அதை விநியோகஸ்தர் பெயரில் எடுத்தால், அவரை மாற்றும் நாளில் அனுமதியை முதலிலிருந்து வாங்க வேண்டிவரலாம். விற்பனையில் பங்கில்லாத ஒரு தனி நிறுவனத்தின் பெயரில் எடுக்க முடியுமா என்று பாருங்கள். செலவு கூடும்தான். ஆனால் பின்னால் கை கட்டப்படாது.

ஏஜென்ட் பக்கம் மட்டும் இருக்கும் இரண்டு ஆபத்துகள்

முதலாவது வரி. ஏஜென்ட் உங்கள் பெயரில் வழக்கமாக ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு அந்த நாட்டில் நிரந்தர அலுவலகம் இருப்பதாகவே வரித்துறை கருதி, அங்கே வரி கட்டச் சொல்லலாம். நாடுகள் தங்களுக்குள் வரி ஒப்பந்தம் போடும்போது முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளும், ஓஇசிடி அமைப்பின் மாதிரி வரி ஒப்பந்தத்தில் 2017-இல் செய்த திருத்தம் இதை இன்னும் விரித்துவிட்டது. கையெழுத்தை நீங்கள் போட்டாலும், பேரத்தை முடிப்பதில் பிரதான பங்கு அவருடையது, நீங்கள் வழக்கமாக மாற்றமில்லாமல் ஒப்புக்கொள்கிறீர்கள் என்றாலே போதும். பலருக்கும் வேலை செய்யும் சுதந்திரமான ஏஜென்டுக்கு விலக்கு உண்டு. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள் எல்லாம் இந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை என்பதால், உங்கள் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் இடையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தன் கணக்கில் வாங்கி விற்கும் விநியோகஸ்தரால் பொதுவாக இந்தத் தலைவலி வராது.

இரண்டாவது லஞ்சம். அரசு டெண்டரில் ஏஜென்ட் யாருக்காவது பணம் கொடுத்தால், அவர் உங்கள் சார்பில் கொடுத்ததாகத்தான் ஆகும். அமெரிக்காவின் 1977 சட்டமும் பிரிட்டனின் 2010 சட்டமும் இடைத்தரகர் வழியாகக் கொடுத்ததையும் பிடிக்கும், அந்த நாட்டு நிறுவனங்களை மட்டுமல்ல, அந்த நாடுகளோடு தொடர்புள்ள மற்றவர்களையும். அசாதாரணமாகப் பெரிய கமிஷன், அதையும் மூன்றாவது நாட்டு வங்கிக் கணக்கில் போடச் சொல்வது, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் அந்த ஆர்டரை விட்டுவிடுவேன். விநியோகஸ்தர் வழியிலும் வழக்கத்தைவிடப் பெரிய தள்ளுபடி என்ற உருவத்தில் இது வரலாம்.

அப்படியானால் யாரை?

அளவு கொடுத்துச் செய்யும் பெரிய இயந்திரம், வருடத்தில் நான்கைந்து ஆர்டர், ஒவ்வொன்றும் பெரிய தொகை: ஏஜென்ட். வாங்குவோரை உங்களுக்கே தெரியும், அந்தத் துறையே சிறியது, விலையை நீங்களே பிடித்து வைக்க வேண்டும் என்றாலும் ஏஜென்ட். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, உடனே வேண்டும் என்று கேட்கப்படும் பொருளுக்கும், உதிரி பாகமும் பழுதுபார்ப்பும் தேவைப்படும் பொருளுக்கும் விநியோகஸ்தர். உங்கள் நிறுவனம் சிறியது, வெளிநாட்டுக் கடனை வசூலிக்க ஆள் இல்லை என்றால் பொருள் எதுவானாலும் நான் விநியோகஸ்தர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் ஏகபோக உரிமையை முதல் நாளே தூக்கிக் கொடுக்க மாட்டேன். ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம், வருடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் ஏகபோகம் தானாகப் போய்விடும் என்று எழுதுவேன்.

இரண்டையும் கலந்தும் வைக்கலாம். ஒரே ஆள் உதிரி பாகத்தையும் சின்ன பம்புகளையும் வாங்கி விற்பார்; பெரிய ஆலைகளின் ஆர்டருக்கு நீங்கள் நேராக இன்வாய்ஸ் போட்டு அவருக்குக் கமிஷன் கொடுப்பீர்கள். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. எந்த வாடிக்கையாளர் எந்தக் கணக்கில் என்று பெயர் பெயராக ஒரு பட்டியல் இணைத்து, இரண்டு தனித்தனி ஒப்பந்தமாகப் போட்டால்தான் இது நிற்கும். ஒரே தாளில் குழப்பி எழுதினால், பிரியும்போது எல்லாமே ஏஜென்சிதான் என்று அவர் வாதாடுவார். சர்வதேச வணிகக் கழகம் ஏஜென்சிக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று எனத் தனித்தனி மாதிரி ஒப்பந்தங்கள் வைத்திருக்கிறது, அவற்றை வைத்து ஆரம்பிக்கலாம்.

ஏஜென்டிடம் உங்கள் சரக்கையே ஸ்டாக் வைக்கக் கொடுக்கும் ஏற்பாட்டில் மட்டும் நிதானமாக இருங்கள். சரக்கு உங்களுடையது, குடோன் அவருடையது. அவர் திவாலானால் அந்தப் பெட்டிகள் உங்களுடையவை என்று அந்த நாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். சில நாடுகளில் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

அந்த முதல் மின்னஞ்சலுக்கு நான் எழுதக்கூடிய பதில் இப்படி இருக்கும்: "கன்டெய்னரை நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள், உங்கள் பெயரில் விற்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறோம். அப்படியென்றால் அது விநியோக ஒப்பந்தம், 'ஏஜென்ட்' என்ற சொல் அதில் வேண்டாம். ஏகபோக உரிமையைப் பற்றி இரண்டாவது கன்டெய்னருக்குப் பிறகு பேசலாம். ஒப்பந்தம் முடியும் நாளில் உங்கள் குடோனில் மீதம் இருக்கும், பெட்டி பிரிக்காத சரக்கை நீங்கள் வாங்கிய விலைக்கே நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்." கடைசி வரியை நான் அவராகக் கேட்கும்வரை காத்திருக்காமல் எழுதுவேன். அந்தச் சரக்கு அவரிடமே தங்கினால், புதிய விநியோகஸ்தர் கடையைத் திறக்கும் மாதத்தில் உங்கள் பம்புகள் அதே சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும்.